டிரெய்லருக்கு அடியில் சிவப்பாக ஒரு சொட்டு

“ஏங்க, இங்க வந்து பாருங்களேன். யாரோ வெத்தல போட்டுத் துப்பிவெச்ச மாதிரி இருக்கு.”

டெக்ஸாஸின் பாலோ டூரோ பள்ளத்தாக்கில், காலை ஏழு மணிக்கு, என் மனைவி சொன்னது இது. அமரில்லோவுக்குத் தெற்கே இருக்கும் மாநிலப் பூங்கா. இங்கே வெற்றிலை போட யார் வந்திருக்கப் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே காபி டம்ளரோடு இறங்கினேன். டிரெய்லரின் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த அறைக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. அந்தப் பள்ளத்தாக்கின் மண்ணே சிவப்பு என்பதால் முந்தின நாள் மாலை கண்ணில் படவில்லை போலிருக்கிறது. தரையில் கிடந்ததைத் தொட்டு முகர்ந்தேன். வழவழவென்று எண்ணெய். காபி அதற்குப் பிறகு தொண்டையில் இறங்கவில்லை.

இந்த வண்டிகளோடு பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டிராவல் டிரெய்லர் என்பது பிக்கப் டிரக்குக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே. அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓட வேண்டுமென்றால் அகலம் எட்டரை அடியைத் தாண்டக் கூடாது. உள்ளே போனால் ரயில் பெட்டியில் குடித்தனம் நடத்துகிற மாதிரிதான் இருக்கும். அதற்குக் கண்டுபிடித்த வழி ஸ்லைட்-அவுட். வண்டியை நிறுத்திவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், சுவரின் ஒரு பகுதி சோபாவையும் சாப்பாட்டு மேசையையும் சுமந்துகொண்டு, தீப்பெட்டியின் உள்கூட்டைத் தள்ளுகிற மாதிரி, மூன்றடி வெளியே நகரும். 1990-ல் நியூமார் நிறுவனம் மோட்டார் ஹோமில் இதைக் கொண்டுவந்தது. இன்று ஸ்லைட்-அவுட் இல்லாத பெரிய வண்டியைப் பார்ப்பதே அபூர்வம்.

அறையை நகர்த்த ஒவ்வொரு வண்டியில் ஒவ்வொரு ஏற்பாடு. சின்ன வண்டிகளில் பெரும்பாலும் மின்மோட்டாரும் பற்சக்கரமும். எங்களுடையது 33 அடி, இரண்டாம் கையாக வாங்கியது, ஹைட்ராலிக். முன்பக்கச் சாமான் அறையில் 12 வோல்ட் மோட்டார், அதோடு ஒட்டிய பம்ப், ஒரு பிளாஸ்டிக் எண்ணெய்த் தொட்டி. அங்கிருந்து விரல் பருமனில் இரண்டு ஹோஸ்கள் வண்டியின் அடிவயிற்றுக்குள் போய் சிலிண்டரைச் சேரும். ஒன்றில் அழுத்தம் ஏறினால் அறை வெளியே போகும். மற்றதில் ஏறினால் உள்ளே வரும். அறை நகரும் இரண்டு தண்டவாளங்களில் ஒன்றில் மட்டும்தான் சிலிண்டர். மறுபக்கம் பின்தங்கி அறை கோணிக்கொள்ளாமல் இருக்க, குறுக்கே ஒரு தண்டும் இரண்டு முனையிலும் பற்சக்கரமும் வைத்திருக்கிறார்கள்.

ஜேசிபி தன் கையைத் தூக்குவதும் இதே கணக்கில்தான். சிலிண்டரின் உள்விட்டம் ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 1.77 சதுர அங்குலம். 2,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டு) அழுத்தம் கொடுத்தால் 3,500 பவுண்டுக்கு மேல் தள்ளுவிசை, அதாவது கிட்டத்தட்ட 1,600 கிலோ. மணிக்கட்டு தடிமன்கூட இல்லாத ஒரு குழாய் அவ்வளவு தள்ளும். அழகான விஷயம்தான், எண்ணெய் உள்ளே இருக்கும்வரை.

அன்று காலை நான் செய்த முதல் காரியமே தப்பு. தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன், எண்ணெய் மட்டம் வெகு கீழே இருந்தது. பக்கத்து இடத்தில் பெரிய வண்டியோடு வந்திருந்த ஒரு பெரியவர், எழுபது வயதுக்கு மேலிருக்கும், நான் குனிவதையும் நிமிர்வதையும் பார்த்துவிட்டு அலுமினியத் தட்டு ஒன்றும் இரண்டு பாட்டில் ஏடிஎஃப் எண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தார். தட்டைச் சொட்டுக்கு அடியில் வை, பூங்காக்காரர்கள் வருவதற்குள் தரையைத் துடை என்றார். பாட்டிலைத் திறந்தேன். தொட்டியின் விளிம்புவரை ஊற்றினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டேன். அறை உள்ளே வந்தது. கூடவே தொட்டியின் காற்றுத் துளை வழியாகச் செக்கச்செவேலென்று எண்ணெய் பொங்கி, சாமான் அறையில் இருந்த மடக்கு நாற்காலிகள்மேல் அபிஷேகம்.

ஏன் அப்படி? சிலிண்டருக்குள் ஒரு பக்கம் வெறும் பிஸ்டன், மறுபக்கம் பிஸ்டனோடு ராடும் இருக்கிறது. ராடு அடைத்துக்கொள்ளும் இடத்தில் எண்ணெய் நிற்க முடியாது. அறை வெளியே நீண்டிருக்கும்போது ராடும் வெளியே போயிருக்கும், அதனால் சிலிண்டர் கூடுதல் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். அறை உள்ளே வரும்போது அந்தக் கூடுதல் அவ்வளவும் தொட்டிக்குத் திரும்பும். ஒரு அங்குல ராடு, மூன்றடி ஓட்டம் என்றால் கிட்டத்தட்ட அரை லிட்டர். அறை எல்லாவற்றையும் உள்ளே இழுத்த பிறகுதான் மட்டம் பார்க்க வேண்டும் என்று தொட்டியின்மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். பொங்கிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அதைப் படித்தேன். அந்தப் பெரியவர் சொல்ல வந்ததும் அதுவாகத்தான் இருக்கும். பாவம், சிரிக்கக்கூட இல்லை.

ஏடிஎஃப் என்பது கார்களின் ஆட்டோமேடிக் கியர்பெட்டிக்கு ஊற்றும் எண்ணெய். எஞ்சின் ஆயிலோடு குழப்பிக்கொள்ளக் கூடாதென்று சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். எங்கள் பம்ப்பின் கையேடு ‘டெக்ஸ்ரான் மூன்று’ வகை ஊற்றச் சொல்கிறது. கடையில் போய்க் கேட்டால் அந்தப் பெயரில் சுத்தமான பாட்டிலே கிடையாது, ‘டெக்ஸ்ரான் மூன்று வேண்டிய இடத்தில் ஊற்றலாம்’ என்று சுற்றி வளைத்து எழுதியிருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் அந்த வகைக்கு உரிமம் கொடுப்பதை 2006 கடைசியோடு நிறுத்திவிட்டதுதான் காரணம். இன்னொன்றும் கேள்விப்பட்டேன். 1970-களின் தொடக்கம்வரை இந்த எண்ணெயில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பைச் சேர்த்திருக்கிறார்கள். திமிங்கில எண்ணெய்க்கு அமெரிக்காவில் தடை வந்த பிறகுதான் வேறு சரக்கு தேடியிருக்கிறார்கள். நாற்காலியைத் துடைக்கும்போது எதற்கு இந்த வரலாறு என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.

வீடு டல்லாஸ் பக்கம். ஆறு மணி நேரத்துக்கு மேலான ஓட்டம். அறை உள்ளே போய்விட்டால் பம்ப்புக்கு வேலை இல்லை, ஹோஸில் அழுத்தமும் ஏறுவதில்லை, அதனால் சொட்டுவதும் ஏறக்குறைய நின்றுவிட்டது. போன பயணத்திலும் இப்படித்தான் எங்கோ ஒரு ஈரம் பார்த்தேன், வீடு வந்து பார்த்தால் காய்ந்திருந்தது, மறந்துவிட்டேன். ஹைட்ராலிக் கசிவு பல நேரம் அழுத்தம் இருக்கும்போதுதான் முகம் காட்டும்.

வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில்: சிலிண்டர் சீல் போய்விட்டது, சிலிண்டரையே மாற்ற வேண்டும், 1,100 டாலர், மூன்று வாரம் கழித்துத்தான் வர முடியும். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதிப்படி வீட்டு முன்னால் டிரெய்லரை இரண்டு நாளுக்குமேல் நிறுத்தக் கூடாது. மூன்று வாரம் என்றதுமே எனக்குள் இருந்த எஞ்சினியர் விழித்துக்கொண்டான். என் வேலை என்னவோ டேட்டாபேஸ்தான். ஆனாலும் சீல் கிட் ஒன்றை ஆர்டர் செய்தேன், 74 டாலர். சனிக்கிழமை காலை டிரெய்லருக்கு அடியில் படுத்தேன். ஆகஸ்ட் மாதம், 104 டிகிரி ஃபாரன்ஹீட். டார்ச் பிடிக்க பன்னிரண்டு வயது மகன்.

நல்லவேளையாக, கழற்றுவதற்கு முன்னால் ஒரு வீடியோ எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன்.

மச்சான் என் தாய்மாமன் மகன். திருச்செங்கோட்டில் இரண்டு ரிக் வண்டி வைத்திருக்கிறார். திருச்செங்கோட்டைப் பற்றித் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இந்தியா முழுக்க போர்வெல் போடப் போகிற வண்டிகளில் பாதியாவது அந்த ஊர்ப் பக்கத்தைச் சேர்ந்ததாக இருக்குமோ என்று தோன்றும். ரிக் வண்டி என்றாலே ஹைட்ராலிக்தான். கம்பத்தை நிமிர்த்துவது, வண்டியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துவது, ராடை இறக்கி ஏற்றுவது எல்லாம் எண்ணெய் அழுத்தம். டிரெய்லர் என்ற பொருளை மச்சான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு இரவு எட்டரை, அவருக்குக் காலை ஏழு மணி, டீக்கடையில் நின்றபடி வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“மாப்ள, அந்த சிலிண்டர எதுக்குங்க கழட்டறீங்க?”

“சீல் போயிடுச்சு மச்சான். அதுல இருந்துதான் சொட்டுது.”

“சொட்டுறது அங்கதான். ஒழுகறது அங்கயான்னு பாத்தீங்களா? ராடு காஞ்சு கெடக்குது பாருங்க. சீல் போயிருந்தா ராடுமேலதான மொதல்ல ஈரம் வரும்? எண்ண சொட்டற எடத்தப் பாக்காதீங்க மாப்ள. ஈரத்தப் புடிச்சுட்டே மேல போங்க. எங்க காஞ்சிருக்குதோ அங்க நில்லுங்க. அதுக்கும் ஈரத்துக்கும் நடுவுலதான் இருக்கும்.”

இந்த நாலு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மெக்கானிக்கும் நானும் சொட்டைப் பார்த்தோம். மச்சான் காய்ந்த இடத்தைப் பார்த்தார். எண்ணெய்க்குத் தான் பிறந்த இடத்தில் சொட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஹோஸைப் பிடித்துக்கொண்டு, இரும்புச் சட்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எத்தனை அடி வேண்டுமானாலும் நடந்து போகும், பள்ளமான இடம் வந்ததும் இறங்கும். எங்கள் வண்டியில் மிகத் தாழ்ந்த இடம் சிலிண்டரின் வாய். பழி அதன்மேல் விழுந்தது.

ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம் என்று பார்த்தால், இரண்டடிக்கு மேல் போக வழியில்லை. இந்த வண்டிகளின் அடிவயிற்றை ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் அட்டையால் மூடியிருப்பார்கள். அரசியல் கட்சி விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்துகிற, நடுவில் வரிவரியாக ஓட்டையுள்ள அதே அட்டைதான். குழாய், ஒயர், ஹோஸ் எல்லாம் அதற்கும் தரைப்பலகைக்கும் நடுவில் ஓடுகின்றன. திருகுகளைக் கழற்றி அட்டையின் ஒரு மூலையைக் கீழே இழுத்தேன். அதற்குமேல் தேங்கியிருந்த எண்ணெயைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டும். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. வாய் தப்பவில்லை. திமிங்கிலக் கொழுப்பை இப்போது கலப்பதில்லை என்பதில் அந்த நிமிடம் ஒரு ஆறுதல். மகன் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட ஓடினான். உதவிக்கு என்று நினைத்தேன், படம் எடுப்பதற்காம்.

தரையில் பூனை மணலைக் கொட்டினோம். பூனை கழிப்பதற்கு விற்கிற அந்த மணல்தான் எண்ணெயை உறிஞ்சுவதற்கு மலிவான சரக்கு. எண்ணெயில் ஊறிப்போன கண்ணாடி நார்ப் பஞ்சை வெட்டி எடுத்தோம். அதன் பிறகு ஹோஸ், சட்டம், இணைப்புகள் எல்லாவற்றையும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தேன். எண்ணெய் பூசிய இடத்தில் கசிவைத் தேடுவது மழையில் நனைந்தவனின் வியர்வையைத் தேடுகிற கதை. முழுக்கக் காயவைத்த பிறகு, ஹோஸ் நெடுக முகத்துக்குப் பூசுகிற டால்கம் பவுடரைத் தூவினேன். மகனை உள்ளே அனுப்பி, நான் சொல்லும்போது பொத்தானை அழுத்து என்றேன்.

இங்கே ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். அழுத்தம் ஏறிய ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். வீடியோ அழைப்பில் இருந்த மச்சான் கத்திய கத்தலில் போன் அதிர்ந்தது. “கைய எடுங்க!” மரியாதையெல்லாம் பிறகுதான் வந்தது. ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து 2,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வருகிற எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே எண்ணெய் தசைநார்களுக்கு இடையில் பரவிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்து கழுவி எடுக்காவிட்டால் விரலை, சமயத்தில் கையையே எடுக்க வேண்டி வரும். இதை நான் பின்பு படித்துத் தெரிந்துகொண்டேன். மச்சான் தன் வண்டியில் வேலைபார்த்த பையனின் விரலில் பார்த்தவர். ஹோஸைத் தடவுவதற்கு அட்டைத் துண்டு இருக்கிறது, குச்சி இருக்கிறது. கை வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டும் வேண்டாம். இந்தப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

அட்டைத் துண்டை ஒரு குச்சியில் கட்டி ஹோஸ் ஓரமாக நகர்த்தினேன். சிலிண்டரிலிருந்து முன்பக்கமாக ஒன்பது அடி தள்ளி, அட்டையில் சிவப்பாகச் சாரல் விழுந்தது. சொட்டு இல்லை, மூடுபனி மாதிரி. வண்டியின் முதுகெலும்பான இரும்பு உத்திரத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாக ஹோஸை நுழைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டையின் விளிம்பில் ரப்பர் வளையம் இல்லை. வெறும் இரும்பு. பாலோ டூரோவுக்குள் இறங்கும் சாலை 10 சதவீதச் சரிவு. அப்படி எத்தனை சரிவுகள், எத்தனை ஆயிரம் மைல்கள், ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஹோஸ் அந்த விளிம்பில் ஒரு இழை தேய்ந்திருக்கிறது. மேல் ரப்பர் போய், உள்ளே இருந்த கம்பிப் பின்னல் துருவேறி, நாலைந்து இழை அறுந்து மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

மச்சானுக்குக் காட்டினேன். “அது ரப்பர் போடாம உட்டவன் பண்ண வேல மாப்ள. எங்க வண்டில பழைய டியூப்ப வெட்டிச் சுத்தியிருப்போம்,” என்றார். அமெரிக்காவில் ஓடும் இந்த வண்டிகளில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தில், எல்கார்ட் நகரத்தைச் சுற்றித்தான் தயாராகிறது. வேகவேகமாகச் செய்து தள்ளுகிறார்கள். ஒரு லட்சம் டாலர் வண்டியாக இருந்தாலும் அறுபது சென்ட் ரப்பர் வளையம் மறந்துபோகிறது என்பது என் கருத்து, மாற்றிக்கொள்வதாக இல்லை.

இனி மாற்றும் வேலை. இதில் பெரிய வித்தை இல்லை, ஆனால் அங்கேயும் நான் ஒரு நாளை வீணாக்கினேன்.

அறையை முழுக்க உள்ளே இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பேட்டரியைத் துண்டித்தேன். ஹோஸில் மிச்சமிருக்கும் அழுத்தம் சட்டென்று வெளியே பாயாமல் இருக்க, இணைப்பைத் துணியால் சுற்றிக்கொண்டு கால் சுற்று மட்டும் தளர்த்திக் காத்திருக்க வேண்டும். பழைய ஹோஸ் பாதி வழியில் ஒரு யூனியனில் முடிந்து, அங்கிருந்து இன்னொரு ஹோஸ் சிலிண்டருக்குப் போகிறது. அந்த யூனியனை ஒரே ஸ்பேனரில் பிடித்து முறுக்கினேன். இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. யூனியனின் முனைகள் மழுங்கி, மரையும் கெட்டது.

பக்கத்து ஹார்டுவேர் கடையில் அதே அளவில் பித்தளை யூனியன் கிடைத்தது. மரை 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. பழையதில் இருந்ததும் அதுவேதான். கையால் திருப்பினாலே வெண்ணெய் மாதிரி ஏறியது. தற்காலிகமாகச் சோதித்துப் பார்க்கலாமென்று பொத்தானைத் தொட்டதும் இரண்டு பக்கமும் ஒழுகியது. இறுக்கினேன், இன்னும் ஒழுகியது. டெஃப்லான் டேப் சுற்றினேன், அதற்கும் ஒழுகியது.

திங்கட்கிழமை, அளவுக்கு ஹோஸ் அடித்துக் கொடுக்கிற கடைக்குப் பழைய ஹோஸையும் இந்த யூனியனையும் கொண்டுபோனேன். விவசாய டிராக்டர்க்காரர்கள் வருகிற கடை. கவுண்டரில் இருந்தவர் யூனியனைக் கையில் வாங்கியதுமே உதட்டைப் பிதுக்கினார். ஹைட்ராலிக்கில் இருப்பது ஜேஐசி இணைப்பு, அதன் மூக்கு 37 டிகிரிக் கூம்பு. நான் வாங்கியது செம்புக் குழாய்க்கும் சமையல் வாயுவுக்கும் போடுவது, கூம்பு 45 டிகிரி. இந்த அளவில் இரண்டுக்கும் மரை ஒன்றேதான். அதனால் ஏறும், ஆனால் கூம்பும் கூம்பும் சரியாகப் பொருந்தாது. கசிவைத் தடுப்பது மரை இல்லை, இரும்பு மூக்கும் இரும்பு மூக்கும் முத்தமிட்டுக்கொள்கிற அந்த இடம்தான். மரையில் டேப் சுற்றுவதால் ஒரு பயனும் இல்லை, பிய்ந்த துணுக்கு உள்ளே போய் வால்வை அடைத்தால்தான் உண்டு. போதாக்குறைக்கு பம்ப் பக்கத்தில் ஓ-ரிங் வைத்த வேறொரு வகை இணைப்பும் அதே மரையில் வருகிறது. ஒரே மரை, மூன்று சாதி. பெண் பார்க்கப் போய்ப் பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துவிட்டு வந்தவன் நிலைமை எனக்கு.

அவர் பழைய ஹோஸின்மேல் அழிந்துபோன எழுத்தைப் படித்து, 3,000 பிஎஸ்ஐ தாங்கக்கூடியது என்று சொல்லி, அதற்குக் குறையாத சரக்கில் 14 அடி வெட்டி, இரண்டு முனையிலும் இணைப்பு வைத்து இயந்திரத்தில் நசுக்கிக் கொடுத்தார். எஃகு யூனியன், ஓ-ரிங், ரப்பர் வளையங்கள் எல்லாம் சேர்த்து 91 டாலர். கால் மணி நேரம்.

புது ஹோஸை எப்படி அந்த வயிற்றுக்குள் நுழைப்பது என்று மலைத்துக்கொண்டிருந்தேன். மனைவி ஒரு நிமிடம் பார்த்தாள். “பாவாடைக்கு நாடா கோக்கத் தெரியாதா? பழசோட வாலுல புதுச கட்டி அந்தப் பக்கம் இழுங்க.” பழைய ஹோஸின் நுனியில் புது ஹோஸை டேப்பால் ஒட்டினோம், அழுக்கு புகாமல் இருக்க வாயையும் மூடினோம். அவள் ஊட்ட, நான் இழுக்க, ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. உத்திரத்தின் ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டேன். மச்சானின் பேச்சுக்காக, சைக்கிள் டியூப் ஒன்றை வெட்டி அதன்மேலும் சுற்றினேன்.

ஜேஐசி நட்டைக் கையால் முழுக்கத் திருகி, அதற்குப் பிறகு ஸ்பேனரில் அறுகோணத்தின் இரண்டு முகம், அதாவது மூன்றில் ஒரு பங்குச் சுற்று. அவ்வளவே. ஆத்திரத்தில் இறுக்கினால் கூம்பு விரிசல் விடும். இறுக்கிய பிறகு நட்டின்மேலும் ஹோஸ் முனையின்மேலும் சேர்த்து வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த தடவை கோடு உடைந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரியும்.

கடைசியாகக் காற்றை வெளியேற்றுவது. ஹோஸ் மாற்றியதில் உள்ளே காற்று புகுந்திருக்கும். அறை உள்ளே இருக்கும்போது விளிம்புக்கு அரை அங்குலம் கீழேவரை எண்ணெய் ஊற்றி, வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே என்று ஐந்து நடை. ஒவ்வொரு நடைக்கும் நடுவில் சிறிது நேரம் விட வேண்டும், நுரை அடங்கவும் மோட்டார் ஆறவும். முதல் இரண்டு நடையில் அறை விக்கலெடுத்த மாதிரி குதித்துக் குதித்துப் போனது. தொட்டியில் எண்ணெய் ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக் நிறத்தில் நுரைத்தது. ஐந்தாவது நடையில் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. இரவெல்லாம் அறையை நீட்டிவைத்து அடியில் வெள்ளை அட்டை விரித்தேன். காலையில் அட்டையில் இருந்தது ஒரு பல்லியின் எச்சம் மட்டும்.

வடித்த பழைய எண்ணெயை வாகன உதிரிபாகக் கடையில் காசு வாங்காமல் வாங்கிக்கொண்டார்கள். அந்த வார இறுதியில் மற்ற ஹோஸ்கள் இரும்பைத் தொடும் இடங்களையும் தேடினேன். இன்னும் மூன்று இடத்தில் ரப்பர் இல்லை, அதில் ஒன்றில் தேய்மானம் ஆரம்பித்திருந்தது. உங்களிடம் இப்படி ஒரு வண்டி இருந்தால் குளிர்காலத்தில் நிறுத்தி வைப்பதற்கு முன் ஒரு தடவை டார்ச்சோடு கீழே படுத்துவிடுங்கள். அட்டையின் மூலையைக் கழற்றும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள்.

74 டாலர் சீல் கிட் இன்னும் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்ளும் தவணை முடிந்துவிட்டது என்கிறான் கடைக்காரன். ஒன்றரை அங்குலச் சிலிண்டர், ஒரு அங்குல ராடு. யாருக்காவது வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன். தபால் செலவு மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் அதற்கு முன்னால் ராடு காய்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.